கூட்டிப் போன நேரத்தை யார் எழுதுவது?

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து சேலத்துக்குச் சட்டம் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிப்பூர், நாகாலாந்து, காஷ்மீர், இலங்கையின் வடக்கு என்று எங்கே பார்த்தாலும் போலீசும் ராணுவமும் என்ன செய்தாலும் தண்டனை இல்லை. அங்கே இருப்பவர்கள் சிறுபான்மை என்பதால்தானா? எங்கள் மலையாளி சனத்தை (கேரளக்காரர்கள் அல்ல, இந்த மலைகளில் வாழும் பழங்குடிகள்) விசாரணைக்கு என்று கூட்டிப்போய் இரண்டு நாள், மூன்று நாள் வைத்திருப்பதும் இதே கதைதானா? அப்படிக் கூட்டிப்போனால் முதலில் என்ன செய்வது?

சேலம் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வெகுகாலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி. வெறுப்பு ஒரு காரணம், மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் வெறுப்பின் கணக்கில் எழுதிவிட்டால் நம் ஊர் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளும். வீரப்பன் தேடுதல் நடந்த 1990களில் நம் மேட்டூர், கொளத்தூர் பக்கத்து மலைக்காரர்களை அடித்தவர்களில் பாதிப்பேர் அவர்களோடு ஒரே மொழி பேசியவர்கள். வேறு இனம், வேறு மதம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் நடந்தது. சட்டம் எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சம்மதிக்கிறதோ அந்த இடத்தில் அடி விழுகிறது. யார் மேல் விழுகிறது என்பதைத்தான் சாதியும் இனமும் ஏழ்மையும் தீர்மானிக்கின்றன.

வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பவில்லை என்று என் சீனியர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் மட்டும் அந்த அளவுக்குச் செல்லும். சாதாரணத் திருட்டு வழக்கில்கூட 'ரெக்கவரி' காட்ட அடிப்பது இதனால்தான். ஆனாலும் அடித்து வாங்கிய ஒப்புதல் காகிதத்துக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை என்ற விதி இருப்பதால், அடிப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

எடுத்துவிட்டார்கள். 1987இல் வந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. அதற்கு முன்பே, 1979இல், இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதையே செய்திருந்தது. அங்கே அதற்குக் கீழான ஏ.எஸ்.பி. அந்தஸ்து போதும். அதுவும் அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் 1982இல் நிரந்தரமாகி இன்றுவரை இருக்கிறது. குற்றச்சாட்டு இல்லாமலே 18 மாதம் வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். சிங்களம் படிக்கத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பையன் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு, அந்த ஒரு காகிதத்தாலேயே வருஷக்கணக்கில் உள்ளே இருந்த வழக்குகள் ஒன்றிரண்டல்ல. அடி அங்கே ஒருவனுடைய கோபத்தில் விழுந்ததல்ல. கேஸ் ஜெயிக்க அதுதான் வழி என்று சட்டமே காட்டிக்கொடுத்திருந்தது.

இங்கேயும் தடா வந்ததும் அதுவே நடந்தது. வீரப்பனுக்குச் சோறு போட்டாய், அரிசி கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று மலைக்காரர்களைப் பிடித்து, மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க் ஷாப்' என்று பெயர் வாங்கிய முகாமில் வைத்துக் கரண்ட் கொடுத்தார்கள். ஆண் பெண் பார்க்கவில்லை. மைசூர் தடா கோர்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வருஷக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தார்கள். 2001இல் தீர்ப்பு வந்தபோது தண்டனை பெற்றவர்கள் 14 பேர்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பப்பட்டார்கள். போன இடத்தில் வீடு இருந்ததா, பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டது. 2007இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க ஆணையம் சொன்னது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையில் யாராவது இதற்காகச் சிறைக்குப் போனார்களா என்று கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். வீரப்பன் தேடுதல், வாச்சாத்தி, சேஷாசலம் (கடைசி இரண்டையும் பின்னால் சொல்கிறேன்) என்று நம் மலைக்காரர்கள் அடிபட்ட பெரிய சம்பவம் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு மரம் இருக்கும். முதல் இரண்டில் சந்தனம், மூன்றாவதில் செம்மரம். வெட்டியவனுக்குக் கூலி. விற்றவன் பெயர் எந்த எப்.ஐ.ஆரிலும் லேசில் வராது.

அடுத்தது நேரம். அரசியல் சட்டம் 22ஆவது கூறு, கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 58ஆம் பிரிவு. போலீஸ் காவலில் நடக்கும் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கட்டளைகள் இன்று சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் வீட்டு ஆளோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். படித்துப் பார்த்தால் இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இவை எல்லாமே 'கைது செய்த நேரம்' என்ற ஒன்றிலிருந்து ஓடத் தொடங்குகின்றன. அந்த நேரத்தை எழுதுகிறவர் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் போலீஸ்காரர்.

நான் நடத்திய ஒரு கேஸைச் சொல்கிறேன். மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கேஸ். சனிக்கிழமை சாயங்காலம் மஃப்டியில் வந்தவர்கள் நம்பர் பிளேட் மறைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை லைன் வீட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். கைதுக் குறிப்பில் இருந்ததோ திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி, ஒரு பேருந்து நிறுத்தத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தபோது. சாட்சிகள் இருவரும் மலைக்கே சம்பந்தமில்லாத கீழ்நாட்டுக்காரர்கள். அன்று மத்தியானம் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாஜிஸ்திரேட் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "போலீஸ்காரங்க அடிச்சாங்களா?" அந்தக் கூலிக்காரர் தன் பின்னால் நின்ற ஏட்டய்யாவை ஒரு தரம் பார்த்தார். "இல்லைங்க சாமி" என்றார். செருப்பில்லாமல், பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "அவர் உள்ளங்காலை ஒருமுறை பாருங்க" என்று கேட்டுக்கொண்டேன். உட்காரவைத்துப் பார்த்த மாஜிஸ்திரேட் வேறெதுவும் பேசாமல் எழுத ஆரம்பித்தார். சேலம் ஜி.எச்.சுக்கு அனுப்பி, காயங்களை டாக்டர் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டில் ஏறிய பிறகு அந்தக் கேஸ் போன போக்கே வேறு. ஜாமீன் கிடைத்தது. அடித்த போலீஸ்காரர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார், சில மாதத்தில் வேறு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நம் ஊரில் தண்டனை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த சனி ராத்திரியும் ஞாயிறு முழுவதும் அவர் எங்கே இருந்தார்? காகிதத்தில் எங்கேயும் இல்லை. நீங்கள் சொல்லும் மோதல் பகுதிகளில் இந்த எழுதப்படாத நேரம் மாதமாகிறது, வருஷமாகிறது. சில ஊர்களில் ஆளே திரும்பி வராமல் அது முடிவில்லாமல் நீள்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் அதுதான் நடந்தது. 1996இல் கிருஷாந்தி என்ற பள்ளி மாணவியை ராணுவச் சோதனைச் சாவடியில் மறித்துக் கொன்ற வழக்கில் 1998இல் தண்டனை கிடைத்தது, அபூர்வமாக. அப்போது தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர் அங்கே 300, 400 பேரைப் புதைத்திருக்கிறது என்றார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். 2025இல் மறுபடி தோண்டத் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையதும் சேர்த்து. அவர்களில் பெரும்பாலானவர்களைப் பற்றி எந்த ஸ்டேஷனிலும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் வயதான ஈழத்து அம்மாக்களிடம் பேசினால், ஆள் செத்த தேதியைவிடக் 'கொண்டுபோன' தேதியைத்தான் தெளிவாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, அனுமதி. அரசு ஊழியர் கடமையைச் செய்யும்போது நடந்த குற்றத்துக்கு வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆம் பிரிவு, இப்போது சன்ஹிதாவில் 218. நம் பக்கத்தில் இதற்குச் சில ஓட்டைகள் உண்டு, நல்ல ஓட்டைகள். லாக்கப்பில் அடிப்பது கடமையோடு சேர்ந்தது ஆகாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பாலியல் குற்றங்களுக்கு அனுமதியே தேவையில்லை என்று 2013இல் திருத்தினார்கள். புதிய சட்டத்தில் 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம், அதாவது 1958ஆம் வருஷத்து அஃப்ஸ்பா, அமலில் உள்ள இடத்தில் இந்த ஓட்டைகள் எதுவும் உதவாது. அதன் 6ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அனுமதிக்காமல் படைவீரர் மேல் எந்த வழக்கும் நகராது. பாலியல் குற்றத்துக்காவது விலக்குக் கொடுங்கள் என்று பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா கமிட்டி 2013இல் கேட்டது. கொடுக்கவில்லை.

நாகாலாந்தில் ஓட்டிங் என்ற ஊர். 2021 டிசம்பர் 4 அன்று நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வண்டியில் வீட்டுக்குத் திரும்பிய ஆறு பேரை, தீவிரவாதிகள் என்று தப்பாக நினைத்து ராணுவச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. தப்பாகச் சுட்டோம் என்பதை யாரும் மறுக்கவில்லை. மாநிலப் போலீசே விசாரித்து 30 வீரர்கள் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. இப்படி ஒரு மாநிலப் போலீஸ் செய்வதே பெரிய காரியம். 2023இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கைகளை முடித்துவைத்தது. சாட்சி இருந்தது, விசாரணை இருந்தது, குற்றப்பத்திரிகை இருந்தது, ஒரு கையெழுத்து இல்லை.

மணிப்பூரில் 1979 முதல் 2012 வரை 1,528 பேர் போலி மோதலில் கொல்லப்பட்டதாக, கணவனை இழந்த பெண்களும் பிள்ளையை இழந்த தாய்மாரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் போன குழு ஆறு வழக்குகளை மாதிரிக்கு எடுத்தது. ஆறுமே உண்மையான மோதல் இல்லை என்றது. அஃப்ஸ்பா இருக்கிறது என்பதற்காகப் படையினருக்கு முழு விலக்கு இல்லை என்று 2016 ஜூலையில் கோர்ட் தெளிவாகச் சொன்னது, அடுத்த வருஷம் சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவிட்டது. சட்டப் புத்தகத்தில் அருமையான தீர்ப்பு. நீங்கள் தேர்வுக்குப் படிப்பீர்கள். அதற்குப் பிறகும் ஓட்டிங்கில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மெய்தி, குக்கி இனங்களுக்கு இடையே மூண்ட 2023 மணிப்பூர் கலவரம் இன்னொரு ரகம். அங்கே பிரச்சினை ராணுவச் சட்டமில்லை. போலீஸ் என்ற அமைப்பே இனவாரியாகப் பிளந்து கிடந்தது. மே 4 அன்று இரண்டு குக்கிப் பெண்களைக் கும்பல் நிர்வாணமாக ஊர்வலம் விட்டது. அவர்கள் போலீஸ் வண்டியில் ஏறித் தஞ்சம் கேட்டதாகவும், சாவி இல்லை என்று டிரைவர் சொன்னதாகவும் பின்னாளில் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையே சொன்னது. எப்.ஐ.ஆர். பதிவானது மே 18. ஜூலை 19 அன்று வீடியோ வெளியே வந்த பிறகுதான் முதல் கைது. இடைப்பட்ட இரண்டு மாதமும் எப்.ஐ.ஆர். என்ற காகிதம் இருந்தது. அதை எடுத்து வேலை செய்ய ஆள் இல்லை. காகிதம் போதும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

அப்படியானால் வாச்சாத்தி மட்டும் எப்படி ஜெயித்தது? இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். உங்கள் சொந்த சனம், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை அடிவாரம். தருமபுரி நம் சேலம் மாவட்டத்தோடு இருந்து 1965இல் பிரிந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேல் கேஸ் போட்டு இங்கே, சேலம் சிறைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். (இதே சேலம் சிறையில்தான் 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏற்காடு போகும் ஆயிரக்கணக்கான சுற்றுலாக்காரர்கள் தாண்டிப் போகிற சுவர் அது.)

ஊர்க்காரர்களே வீட்டை உடைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்றது அரசு தரப்பு. அன்றைக்கு யாரும் நம்பத் தயாராக இல்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் கோர்ட் ஏறின. பட்டியல் சாதி, பழங்குடி ஆணையத்தின் அதிகாரி ஊருக்கே போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட், அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று அத்தனை அப்பீலையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னார். 31 வருஷம்.

என் பார்வையில் மூன்று விஷயம் அங்கே ஒன்றுசேர்ந்தது. அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை, முப்பது வருஷமும். அடித்த இலாகா விசாரிக்காமல் வெளி அமைப்பு விசாரித்தது. அடுத்ததை வக்கீல்கள் மட்டும்தான் கவனிப்பார்கள்: பொய்க் கேஸ் போட்டு ரிமாண்ட் செய்ததன் மூலம், இன்னின்ன பெண்கள் இன்ன தேதியில் எங்கள் கையில்தான் இருந்தார்கள் என்று அரசே எழுதிக் கொடுத்தாற்போல் ஆகிவிட்டது. சிறைப் பதிவேட்டை யாரும் நாடகம் என்று சொல்ல முடியாது. மணிப்பூரின் 1,528 குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. இலங்கையில் திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போனார்கள். 2019இல் சிறப்பு அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் சாட்சியம் போதாது என்று விடுதலை. வாச்சாத்திப் பெண்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க முடிந்தது. ஓடாமல் இருக்க அவர்களோடு ஒரு சங்கம் நின்றது.

எனவே, உங்கள் மலையில் நடப்பதும் அதே கதையா என்றால், இல்லை. சேர்வராயன் மலையில் ஊரடங்கு கிடையாது, அஃப்ஸ்பா கிடையாது, கோர்ட் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசினால் அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். ஆனால் முறை ஒன்றுதான். மாநில எல்லையைத் தாண்டியதும் உங்கள் ஆட்களுக்கும் அந்தக் கதி வரும் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று 20 தமிழர்களைச் சுட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், பலர் மலையாளிப் பழங்குடிகள். கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். செத்தவர்களில் சிலரை முதல் நாள் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். மோதல் சாவு ஒவ்வொன்றையும் சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசோ தனியாக விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளை போட்டது அதற்கு ஆறரை மாதம் முன்னால்தான், 2014 செப்டம்பரில்.

நம் சனத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை கால் உடைந்தவர்கள் மாவுக்கட்டோடு நிற்கும் போட்டோ வந்தால், சேலத்தில் டீக்கடைக்கு டீக்கடை சிரிப்புத்தான். எல்லா ஸ்டேஷன் பாத்ரூமும் ஏன் இப்படி வழுக்குகிறது என்று கேட்பவர் இல்லை. மாவுக்கட்டுக்குக் கைதட்டிய அதே ஊர், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் செத்தபோது துடித்தது. அங்கே டாக்டர் சான்று இருந்தது, ரிமாண்டும் ஆனது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பியபோதுதான், சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த ஒரு வாக்குமூலம் இல்லாவிட்டால் அந்த வழக்கு எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மேற்பார்வை அமைப்பு ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் வைக்கச் சொன்னது. நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டு அதன் தலைமையில் உள்துறைச் செயலாளரை உட்காரவைத்தது, மாவட்டத்தில் கலெக்டரை. போலீசை நடத்தும் துறையே போலீஸ் மேல் வரும் புகாரையும் கேட்கும். அதைப் பற்றி நான் மேலே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கூட்டிப்போன நேரத்தை ரைட்டர் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் கையில் தந்தி இருந்தது. ஆளைக் கொண்டுபோனார்கள் என்று தகவல் வந்ததும் ஜங்ஷனுக்கோ தபால் ஆபீசுக்கோ ஓடி, 'இன்னாரை இத்தனை மணிக்கு இன்ன இடத்திலிருந்து கொண்டுபோய்விட்டார்கள்' என்று எஸ்.பி.க்கும் உயர் நீதிமன்றத்துக்கும் தந்தி அடிப்போம். அரசாங்க முத்திரையோடு தேதியும் நேரமும் விழும். திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பிடித்தோம் என்று பிறகு யாராவது எழுதினால், சனிக்கிழமை தந்தியை நீட்டினால் போதும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. கல்யாண வாழ்த்துக்காக ஊர் வருத்தப்பட்டது, நாங்கள் இதற்காக வருத்தப்பட்டோம்.

இப்போது 112க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், அழைப்பு பதிவாகும். எஸ்.பி. அலுவலகத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், இரண்டு வரி போதும்: யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, வண்டி நம்பர் தெரிந்தால் அது. மலையில் சிக்னல் இருக்காது, தெரியும். எஸ்டேட் ஆபீசோ பஞ்சாயத்து ஆபீசோ எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் அனுப்புங்கள். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போய், ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்கட்டும். 'இல்லை' என்று சொன்னால் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த 'இல்லை' பின்னால் ரொம்ப உதவும். சண்டை போட வேண்டாம். எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், சட்டவிரோதமாக அடைத்துவைத்திருப்பவரைத் தேடி மீட்க உத்தரவு கேட்டு சன்ஹிதாவின் 100ஆம் பிரிவில் இங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். நிறைய வக்கீல்களுக்கே அந்தப் பிரிவு ஞாபகத்தில் இருக்காது.

ரிமாண்டின்போது கேட்கும் கேள்விக்கு உள்ளதைச் சொல்லும்படி ஆளுக்கு எப்படியாவது தகவல் சேர்த்துவிடுங்கள். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், போன் 15100. சாதிச் சான்றிதழ் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சேலம் மலையாளிகள் பட்டியல் பழங்குடி என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், அதை டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது. ஈரோடு பக்கத்து பர்கூர் மலை மலையாளிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பதால் இதே சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது. ஒரே சனம், மாவட்ட எல்லை தாண்டினால் வேறு சட்டம்.

புகார் கொடுக்கப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான வெறும் ரசீது) ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் தேதி போட்ட காகிதம்தான், ஆனால் எப்.ஐ.ஆர். ஆகும்வரை விடாதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்கு மனு என்றால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். கேஸ் முடியட்டும், ஜாமீன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைத் தாண்டவிட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள்.